குளவியும் நாயும் வளையலும்: தில்லிப் பட்டறைகளில் கருவிகள் பெற்ற பெயர்கள்

தில்லியின் ஏதேனும் ஒரு சாலை முனையில், மரத்தடியில், மிதிவண்டி பழுதுபார்ப்பவர் ஒருவர் அமர்ந்திருப்பார். எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நகரவில்லை என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், மிதிகட்டையை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு, ‘குத்தே ஃபெயில்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டால் ‘நாய்கள் தோற்றுவிட்டன’ என்றாகும். புதிதாக இந்தி கற்றவர் தெருநாயைத் தேடித் திரும்பிப் பார்க்கக்கூடும். அவர் குறிப்பிடுவது பின்சக்கரத்தின் பல்வட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறு எஃகுத் துண்டுகளை. முன்னோக்கி மிதிக்கும்போது அவை பற்களைக் கவ்வி இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் ‘டிக் டிக்’ என்று வழுக்கிக்கொண்டு போகும். கவ்வுவதால் அவை நாய்கள். தேய்ந்துபோனால் கடிக்க மறுக்கும் நாய்கள்.

இப்பெயர் நேற்று முளைத்ததன்று. காசி நாகரி பிரசாரிணி சபை வெளியிட்டு 1929-இல் நிறைவுபெற்ற ‘இந்தி சப்தசாகர்’ பேரகராதி, ‘குத்தா’ என்ற சொல்லுக்கு விலங்கைக் குறிக்கும் பொருளோடு, சக்கரம் பின்னோக்கிச் சுழலாதபடி தடுக்கும் இயந்திர உறுப்பு என்ற பொருளையும் தருகிறது. ஆங்கிலேயத் தொழிலாளரும் இத்தகைய கவ்விகளை நாய் என்றே அழைத்தனர். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றனரா, தனித்தனியே கண்டனரா என்பது இங்கே முதன்மையான கேள்வி அன்று. கவ்வும் இரும்பைக் கண்ட கண்ணுக்கு, கவ்வும் பல்லே முதலில் நினைவுக்கு வந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

கருவிகளுக்கும் இயந்திரங்களுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, அதைச் செய்தவரோ விற்றவரோ இட்ட பெயர். அது பட்டியலில் இருக்கும். மற்றொன்று, அதைக் கையில் பிடித்து நாளெல்லாம் உழைப்பவர் இட்ட பெயர். அது வாயில் இருக்கும். முதல் பெயருக்கு ஆண்டும் உரிமையாளரும் உண்டு. இரண்டாம் பெயருக்கு இரண்டும் இல்லை. ஆயினும் ஒரு நகரத்தின் உழைப்பு வரலாற்றை அறிய விரும்புவோருக்கு இரண்டாம் பெயரே நம்பகமான சான்று. தில்லி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இத்தகைய பெயரிடல் உலகெங்கும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் பெருமரங்களை அறுத்தவர்கள், இருவர் இருபுறம் நின்று இழுக்கும் நெடிய இரம்பத்தைத் ‘துன்பச் சாட்டை’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். மண்வாரியை ‘முட்டாளின் கோல்’ என்றனர். 1880-களில் கலிபோர்னியாவில் ஜான் டால்பீர் உருவாக்கிய, மரக்கட்டைகளை இழுக்கும் சிறிய நீராவி எந்திரம் ‘கழுதை’ ஆயிற்று. அந்நாட்டில் 1889-இல் வட்டார வழக்கு ஆய்வுக்கென ஒரு கழகம் தொடங்கப்பட்டது. 1925-இல் அமெரிக்கப் பேச்சுமொழிக்கென்றே ஓர் ஆய்விதழும் பிறந்தது. மரம் வெட்டுவோர், இரயில் தொழிலாளர் ஆகியோரின் சொற்கள் அச்சேறியதற்கு இத்தகைய அமைப்புகள் துணைநின்றன. தில்லிக்கும் அப்படியொரு தொகுப்பு வாய்த்தது. அதன் கதைக்கு முன், தொகுக்கப்படவேண்டிய சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்க்கவேண்டும்.

ஷாஜகான் 1639-இல் செங்கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். 1648-இல் கோட்டை முடிந்தது. கோட்டையைச் சுற்றி ஷாஜகானாபாத் என்னும் புதிய தலைநகரம் எழுந்தது. அதுவே இன்றைய பழைய தில்லி. அதன் தெருப்பெயர்கள் பலவும் தொழிற்பெயர்களே. சூடிவாலான் வளையற்காரர் தெரு. சூயிவாலான் ஊசிக்காரர் தெரு. சர்க்கேவாலான் இராட்டைக்காரர் தெரு. அரசவையில் பாரசீகம் ஆட்சிமொழி. கட்டட மேற்பார்வையாளர், ஓவியர், கணக்கர் நாவிலும் அம்மொழி புழங்கியது. அங்கிருந்து அது சாரத்தின்மேல் ஏறி, கொத்தனார் கைக்கும் தச்சர் கைக்கும் வந்துசேர்ந்தது.

தில்லிக் கொத்தனார் சுவரின் மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்தும் கருவி ‘குனியா’. தமிழ்நாட்டில் மூலைமட்டம் என்போம். பாரசீகத்தில் ‘கோனியா’ என்று வழங்கும் இச்சொல்லின் மூலம் கிரேக்கம்; அங்கே அது கோணத்தைக் குறித்தது. முக்கோணவியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நடுவில் இருப்பதும் இதே கிரேக்கச் சொல்லே. பல்கலைக்கழகம் வழியாக ஒரு கிளையும், செங்கல் சுமக்கும் தொழில் வழியாக மற்றொரு கிளையுமாக ஒரே சொல் தில்லிக்குள் நுழைந்திருக்கிறது. இரண்டும் உறவினர் என்பது எழுத்தறிந்த பொறியாளருக்கும் தெரியாது; எழுத்தறியாத கொத்தனாருக்கும் தெரியாது.

ஆணி பிடுங்கும் குறடு ‘ஜம்பூர்’. பாரசீகத்தில் ‘ஜம்பூர்’ என்றால் குளவி. குறட்டின் வளைந்த இரு தாடைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்கவேண்டியதில்லை. ஒட்டகத்தின் முதுகில் ஏற்றிச் சுடும் சிறு பீரங்கிக்கு ‘ஜம்பூரக்’, அதாவது சின்னக் குளவி, என்று பெயர். படைக்கருவியும் பட்டறைக்கருவியும் ஒரே பூச்சியின் பெயரைப் பங்கிட்டுக்கொண்டன. இன்று தில்லித் தச்சரிடம் கேட்டால் ஜம்பூர் என்பது குறடு மட்டுமே. பூச்சி பறந்துவிட்டது, கொடுக்கு மட்டும் கையில் தங்கிவிட்டது.

கடன் வாங்கிய சொல்லைத் தொழிலாளர் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. திருப்புளிக்கு உருதுவில் ‘பேச்கஷ்’ என்று பெயர். ‘பேச்’ என்றால் முறுக்கு, திருகாணி. ‘கஷ்’ என்றால் இழுப்பது. திருகாணியை இழுத்தெடுப்பது என்ற பொருளில் அமைந்த பாரசீகக் கூட்டுச்சொல் அது. தில்லிப் பட்டறையில் அது ‘பேச்கஸ்’ ஆயிற்று. ‘ஷ்’ ஒலி ‘ஸ்’ ஆனது மட்டுமன்று, பொருளும் மாறிவிட்டது. இந்தியில் ‘கஸ்னா’ என்றால் இறுக்குவது. இழுக்கும் கருவி இறுக்கும் கருவியாகிவிட்டது. மொழியியலார் இதனை மக்கள் சொற்பிறப்பு என்பர். கேட்ட சொல்லுக்குள் தனக்குத் தெரிந்த சொல்லைக் கண்டுகொள்ளும் வழக்கம். இதைப் பிழை என்று தள்ளுவது எளிது. ஆனால் அக்கருவியை நாள்தோறும் கையாண்டவருக்குப் பாரசீகப் புலவரைவிட அதன் வேலை நன்றாகத் தெரிந்திருந்தது.

தமிழ்த் தச்சர் இதே தேவையை வேறு வழியில் தீர்த்தனர். அவர்களிடம் உளி இருந்தது. இழைக்கும் உளி இழைப்புளி. துளைக்கும் உளி துளைப்புளி. திருப்பும் உளி திருப்புளி. பழைய கருவியொன்றின் பெயரை அச்சாக வைத்துப் புதிய கருவிகளை அதில் வார்த்துக்கொண்டனர். ஒரு மொழி வெளியிலிருந்து வாங்கித் தன் வாய்க்கேற்ப வளைத்தது; மற்றொன்று உள்ளிருந்தே எடுத்துப் பெருக்கியது. இரண்டிலும் வேலை செய்தது பட்டறையின் அறிவுதான்.

பாரசீகத்துக்குப் பின் போர்த்துகீசியமும் ஆங்கிலமும் வந்தன. கைத்தொழில் வல்லவரைக் குறிக்கும் இந்திச் சொல் ‘மிஸ்திரி’, தமிழில் மேஸ்திரி. இரண்டும் போர்த்துகீசிய ‘மெஸ்த்ரே’ என்பதன் பிள்ளைகள். இந்தியின் ‘சாபி’யும் தமிழின் சாவியும் அவ்வாறே ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. ஆனால் தில்லியின் வண்டிப் பட்டறையில் ‘பத்து-பதினொன்று சாபி எடு’ என்றால், பூட்டைத் திறக்கும் சாவியை எவரும் எடுத்துத் தரமாட்டார்கள். மரையைத் திருகும் இருமுனை ஸ்பேனரே கைக்கு வரும். செருகித் திருப்புவதெல்லாம் சாவிதான் என்று பட்டறை முடிவு செய்துவிட்டது. கிண்ணம்போல் மரையின் தலையை மூடித் திருப்பும் உருளைக்கு ‘கோட்டி’ என்று பெயர். சதுரங்கக் காய்க்கும் தாயக்காய்க்கும் உரிய சொல் அது. பெட்டியில் அளவு வாரியாக அடுக்கிய எஃகு உருளைகளைப் பார்த்தவருக்கு விளையாட்டுக் காய்கள் நினைவுக்கு வந்திருக்கின்றன.

திருகாணியின் புரிக்குப் பெயர் ‘சூடி’. அதாவது வளையல். கம்பியைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளையல்களாகவே புரிகள் அந்தக் கண்ணுக்குத் தெரிந்தன. புரி தேய்ந்து பிடிப்பற்றுப் போனால் ‘சூடி மர் கயீ’ என்பர், வளையல் செத்துவிட்டது. தமிழில் இதற்கு மரை என்ற சொல் இருக்கிறது. ‘மரை கழன்றவன்’ என்ற வசையும் இருக்கிறது. தில்லியில் ‘பேச் டீலா’ என்பர், திருகு தளர்ந்துவிட்டதாம். அறிவின் கோளாறைச் சொல்ல, வெவ்வேறு மொழிகளைப் பேசும் இரு ஊர்கள் பட்டறையிலிருந்தே உவமை எடுத்திருக்கின்றன.

இவற்றுள் மிகவும் கனமான சொல் ‘கிர்மிட்’. கிம்லெட் என்னும் சிறு துளைக்கருவியின் ஆங்கிலப் பெயர் வட இந்தியத் தச்சர் வாயில் கிர்மிட் ஆயிற்று. அக்ரிமெண்ட் என்னும் ஒப்பந்தத்தின் பெயரும் கூலித்தொழிலாளர் வாயில் கிர்மிட்டே ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொரீஷியஸ், நேட்டால், பிஜி முதலிய இடங்களின் கரும்புத் தோட்டங்களுக்குக் கைநாட்டு வைத்துப் போனவர்கள் ‘கிர்மிட்டியா’ எனப்பட்டனர். 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற முதற்கப்பலின் தமிழர் முதல், பிஜிக்குச் சென்றோர் வரை பல்லாயிரவர் அந்த ஒப்பந்தத்தின்கீழ் உழைத்தனர். இந்தி சப்தசாகர் இரண்டு பொருளையும் பதிவு செய்திருக்கிறது. மரத்தைத் துளைக்கும் கருவியும் ஆயுளைக் கட்டிய தாளும் ஒரே ஒலியில் சந்தித்தது மொழியின் தற்செயல். ஆனால் இரண்டையும் அவ்வாறு உச்சரித்தவர்கள் ஒரே வகுப்பினர். ஆங்கிலம் அவர்களிடம் புத்தகத்தின் வழியாக வரவில்லை. கருவியாகவும் கட்டளையாகவும் வந்தது.

இச்சொற்களைத் தொகுக்கும் முயற்சி ஆங்கிலேய அதிகாரிகளிடம் தொடங்கியது. தில்லி பஞ்சாப் மாகாணத்துடன் இணைந்திருந்த காலத்தில், 1872-இல், பேடன்-பவல் அம்மாகாணத்தின் கைத்தொழில்களைப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். 1879-இல் ஃபாலன் தம் இந்துஸ்தானி அகராதியில், ஏட்டு மொழியைவிட மக்களின் பேச்சுமொழிக்கு முதலிடம் தந்தார். அந்தப் பணியில் அவருக்குத் துணைநின்ற சையத் அகமது தெஹ்லவி பின்னர் உருதுவின் பேரகராதியான ‘ஃபர்ஹங்-ஏ-ஆசிஃபியா’வைத் தொகுத்தார். 1885-இல் கிரியர்சன், பீகார் உழவர் வாழ்வைப் பற்றிய நூலில் கலப்பை, வண்டி, செக்கு என ஒவ்வொன்றையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பெயர்களை எழுதினார். அரசுக்கு வரி வேண்டும். வழக்குமன்றத்துக்குச் சாட்சியின் மொழி விளங்கவேண்டும். வணிகத்துக்குச் சரக்கின் பெயர் வேண்டும். நோக்கம் எதுவாயினும் சொற்கள் தங்கின.

தில்லியின் சொந்த முயற்சி 1939-இல் வெளிவரத் தொடங்கியது. மௌலவி அப்துல் ஹக் வழிநடத்திய ‘அஞ்சுமன் தரக்கி-ஏ-உருது’ என்னும் அமைப்பு அப்போது தில்லியில் இயங்கியது. அது மௌலவி ஜஃபருர் ரஹ்மான் தெஹ்லவி தொகுத்த ‘ஃபர்ஹங்-ஏ-இஸ்திலாஹாத்-ஏ-பேஷவரான்’ என்னும் நூலை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. ‘தொழிலாளரின் கலைச்சொல் அகராதி’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 1944-க்குள் எட்டும் வெளிவந்தன. முதல் தொகுதி வீடு கட்டுதலும் கட்டட அலங்காரமும் சார்ந்த தொழில்களுக்குரியது.

இந்த அகராதியின் அமைப்பிலேயே ஒரு கொள்கை இருக்கிறது. வழக்கமான அகராதி எழுத்து வரிசையில் உலகத்தை வெட்டி அடுக்கும்; அதில் கொத்தனாரின் கரண்டிக்குப் பக்கத்தில் கரப்பான்பூச்சி நிற்கும். இங்கே தொழில்வாரியாகச் சொற்கள் நிற்கின்றன. ஒரு தொழிலின் கருவிகள், செய்முறைகள், குறைபாடுகள் எல்லாம் ஓரிடத்தில் கூடுகின்றன. கவிஞர்களின் மேற்கோளால் சொல்லுக்கு மதிப்பு ஏற்றுவது உருது அகராதி மரபு. மீரும் காலிபும் வாழ்ந்த நகரத்தில், தில்லி மொழியின் அதிகாரம் கவிஞரிடம் மட்டுமன்றிக் கைவினைஞரிடமும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது இந்நூல். தன் பெயரின் இறுதியில் தில்லிக்காரர் என்று பொறித்துக்கொண்ட ஒருவர் செய்த வேலை அது.

கடைசித் தொகுதி வெளிவந்த மூன்றே ஆண்டுகளில் அந்த நகரம் குலைந்தது. 1947-இன் கலவரங்களுக்கும் பிரிவினைக்கும் இடையே தில்லியிலிருந்து சுமார் 3.3 லட்சம் முஸ்லிம்கள் வெளியேறியதாகக் கணக்கிடப்படுகிறது. பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் வந்துசேர்ந்தனர். தரியாகஞ்சில் இருந்த அஞ்சுமன் அலுவலகம் சூறையாடப்பட்டது. அப்துல் ஹக் கராச்சிக்குச் சென்றார். அகராதிக்குச் சொல் கொடுத்த தொழிலாளர் குடும்பங்கள் பலவும் கலைந்தன. வீடுகள் இடம் மாறின. பட்டறைகள் கை மாறின. உயிருள்ள தொழில்மொழியைப் பதிவு செய்வதற்காகத் தொகுத்த நூல், கலைந்துபோன ஒரு குடியிருப்பின் கணக்கேடாகவும் ஆகிவிட்டது. தொகுத்தவர் அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஐந்தாண்டு தாமதித்திருந்தால் அந்தப் பணியை அதே வடிவில் செய்திருக்கவும் இயலாது.

ஆனால் பெயரிடும் தொழில் நிற்கவில்லை. போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் போருக்கெனச் செய்த 750 சி.சி. வண்டிகள் பெயர்பெற்றவை. தில்லிப் பட்டறைகள் அவற்றின் பின்சக்கரத்தைக் கழற்றி, இரு சக்கர அச்சும் கூரையிட்ட இருக்கைகளும் பொருத்தின. போர்க்களத்தில் ஒருவரைச் சுமந்த வண்டி, கன்னாட் பிளேசுக்கும் சாந்தினி சௌக்குக்கும் இடையே குடும்பம் குடும்பமாக ஏற்றிச் சென்றது. அதன் எரிபொருள் தொட்டியில் அமெரிக்க நிறுவனத்தின் பெயர் இருந்தது. பயணிகள் அதைப் படிக்கவில்லை, கேட்டார்கள். வண்டி ‘ஃபட் ஃபட்’ என்றது. ஆகவே அது ‘ஃபட்ஃபட்டி’, ‘ஃபட்ஃபட்டியா’.

காற்று மாசு காரணமாக 1998-இல் அவ்வண்டிகள் தில்லிச் சாலைகளிலிருந்து அகற்றப்பட்டன. அவற்றின் இடத்தில் வேறு வண்டிகள் வந்தன. அவை அந்த ஒலியை எழுப்புவதில்லை. எனினும் தில்லிப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வகைகளில் ‘ஃபட் ஃபட் சேவா’ என்ற பெயர் நீடிக்கிறது. எந்திரம் போய், ஒலி போய், ஒலியிலிருந்து பிறந்த பெயர் மட்டும் அரசுக் கோப்பில் அமர்ந்திருக்கிறது. தெருவில் பிறந்த பெயர் ஆட்சிமொழியாகும் வாய்ப்பு அரிது. இது அத்தகைய அரிய நிகழ்வு.

இந்தி இலக்கணமே நகைச்சுவைக்கு உதவியதும் உண்டு. அம்மொழியில் பெரிய கருவி ஆண்பால், சிறியது பெண்பால். பெரிய சுத்தியல் ‘ஹதௌடா’, சிறியது ‘ஹதௌடி’. பெரிய இரம்பம் ‘ஆரா’, சிறியது ‘ஆரி’. 1983 இறுதியில், தில்லியை அடுத்த குர்கானில் மாருதி கார் உருவாகி வெளிவந்தது. வட இந்தியக் கிராமங்களிலோ, நீர் இறைக்கும் டீசல் எந்திரத்தை மரச்சட்டத்தில் பூட்டி ஓட்டும் ‘ஜுகாட்’ வண்டிகள் ஓடின. பஞ்சாப், அரியானா மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘மாருதா’. மாருதி பெண்பால் என்றால், அதைவிடப் பெரிய, முரட்டு உடம்புடைய இந்த வண்டி ஆண்பாலாகத்தானே இருக்கவேண்டும். விற்பனைக்கூடத்தில் கார் வாங்க இயலாதவர்கள் இலக்கண விதி ஒன்றைக் கொண்டு அதற்கு இணை செய்துகொண்டனர்.

இதற்கிடையே தில்லியில் மற்றொரு பெயரிடலும் நடந்துகொண்டிருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 351-ஆம் பிரிவு, இந்தி மொழி இந்துஸ்தானியின் வடிவங்களையும் பிற இந்திய மொழிகளின் வடிவங்களையும் உட்கொள்ளவேண்டும் என்கிறது. சொல்வளத்துக்கோ முதன்மையாகச் சமஸ்கிருதத்தை நாடவேண்டும் என்கிறது. 1961-இல் அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் அமைந்தது. ரகுவீரா போன்ற அறிஞர்கள் சமஸ்கிருத வேர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் சொற்களை வார்த்தனர். ஒழுங்கும் முறையும் உடைய பணி அது, பாடநூலுக்குத் தேவையும்கூட. ஆயினும் அந்தப் பணியின் அடிப்படை எண்ணத்தில் ஒரு குறை இருந்தது. சொல் இல்லாத இடத்தில் சொல் படைப்பதாக அது கருதியது. இடம் காலியாக இருக்கவில்லை. குனியாவும் ஜம்பூரும் கிர்மிட்டும் அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தன.

தமிழருக்கும் இது புறத்தார் கதை அன்று. கலைச்சொல்லாக்கத்தில் தமிழ் பெருமைப்படத்தக்க உழைப்பைச் செலுத்தியிருக்கிறது. ஆனால் சொல் படைப்போர் அவைகளில் தச்சரும் கொல்லரும் கொத்தனாரும் அமர்ந்தது மிகக் குறைவு. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொழில்வாரி வட்டாரச் சொல்லகராதித் திட்டத்தைத் தொடங்கி, 1962-இல் உழவுத் தொகுதியையும் 1971-இல் கைத்தறித் தொகுதியையும் வெளியிட்டார். தமிழில் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கினார். இவர்கள் செய்தது சொல் படைப்பதன்று. சொல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது. கையால் உழைப்பவரின் சாதியைத் தாழ்த்தி வைத்த சமூகத்தில், அவர் நாவிலும் அறிவு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது அகராதிப் பணி மட்டுமன்று.

இப்போது இயந்திரங்கள் பெயரோடே வந்து இறங்குகின்றன. மண் தோண்டும் மஞ்சள் எந்திரம் எந்நிறுவனத்தின் தயாரிப்பாயினும் தில்லியிலும் மதுரையிலும் ஜேசிபிதான். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயரின் பெயரெழுத்துகள் அவை என்பதை எவரும் நினைப்பதில்லை. தில்லியை அடுத்த பல்லப்கட்டில் அந்நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. சங்கிலிப் பட்டையில் நகரும் பெரிய எந்திரம் ‘போக்லைன்’. அது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். இங்கே தொழிலாளர் பெயர் இடவில்லை. ஒரு நிறுவனத்தின் பெயரை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக்கிவிட்டனர். பெயரைக் காக்க நிறுவனங்கள் செலவிடும் பணத்தை எண்ணினால், இதுவும் ஒருவகை உரிமைப் பறிப்புதான்.

எனினும் பழைய கண் மங்கிவிடவில்லை. 2005-இல் டாட்டா நிறுவனம் ‘ஏஸ்’ என்ற சிறு சரக்கு வண்டியை வெளியிட்டது. ஆங்கிலத்தில் சீட்டுக்கட்டின் உயர்ந்த சீட்டைக் குறிக்கும் சொல் அது. தில்லியின் ஆசாத்பூர் மண்டியில் காய்கறி மூட்டைகளை ஏற்றியவர்களுக்குச் சீட்டு நினைவுக்கு வரவில்லை. உடம்பு சிறியது, சுமை பெரியது. ‘சோட்டா ஹாத்தி’ என்றனர். கோயம்பேட்டில் மூட்டை ஏற்றியவர்கள் குட்டி யானை என்றனர். இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில், வேறு வேறு மொழிக்குடும்பத்து மொழிகளில், ஒரே வண்டிக்கு ஒரே பெயர். எந்தக் கலைச்சொல் ஆணையமும் கூடவில்லை. சுமை தூக்கும் தோளுக்கு, சுமை தூக்கும் விலங்கைத் தெரியும்.

அகராதிகள் இன்று கணினிக்குள் வந்துவிட்டன. பேச்சை எழுத்தாக்கும் கருவிகளும் வந்துவிட்டன. அவை கற்பது ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டதை. சாலை முனையில் ‘குத்தே ஃபெயில்’ என்று ஒருவர் சொல்லும்போது, அதில் நாய் இல்லை என்று அறியும் செவி இன்னும் மனிதரிடமே இருக்கிறது. ஜஃபருர் ரஹ்மான் தெஹ்லவி அந்தச் செவியோடு தில்லியின் தொழில்மொழியை எட்டுத் தொகுதிகளாக எழுதிவைத்தார். மூன்றாண்டுகளில் நகரம் கலைந்தது, சொற்கள் எஞ்சின. ஈரோட்டுத் தறிக்கூடங்களுக்கும் தூத்துக்குடி உப்பளங்களுக்கும் சிவகாசி அச்சகங்களுக்கும் அத்தகைய எட்டுத் தொகுதிகள் வேண்டும். அந்த வேலைக்கு முதற்கருவியாக ஒரு குறிப்பேடு போதும். கேட்பதற்குரிய பணிவு கூடவே வேண்டும்.